சொட்டும் குழாய்

பணி மாறுதலில் கொச்சிக்கு வந்த நான், இடப்பள்ளியில் ஒரு சிறிய வாடகை வீட்டில் தனியே தங்கியிருந்தேன். அவ்வீட்டுக் குளியலறைக் குழாய், இறுக மூடிய பின்னும் சொட்டிக்கொண்டே இருந்தது. ஊரில் இத்தகைய பழுதுகளை அப்பாவே சரிசெய்துவிடுவார். இங்கே யாரை அழைப்பது என்று தயங்கினேன். தண்ணீர்க் கட்டணம் வாடகையிலேயே அடங்கியிருந்ததால், ‘நமக்கு என்ன இழப்பு?’ என்ற எண்ணமும் உள்ளூர இருந்தது. இரவில் ஓசை கேளாதவாறு கதவைச் சாத்திக்கொண்டு உறங்கினேன். பதினைந்து நாள்கள் இவ்வாறே கழிந்தன.

அது 2023 ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம். மட்டாஞ்சேரியிலிருந்து வரும் மாணவி ஒருத்தி மூன்றாம் நாளாகத் தாமதமாக வந்து வகுப்பு வாயிலில் நின்றாள். சற்றுக் கடிந்தே காரணம் கேட்டேன்.

“டீச்சர், தண்ணீர் லாரி வர நேரமாகிவிட்டது. அம்மா வேலைக்குப் போய்விட்டார்கள். நான்தான் வரிசையில் நின்று இரண்டு குடம் பிடித்து வைத்துவிட்டு வந்தேன்” என்றாள்.

நான் வாயடைத்துப் போனேன்.

மாணவர்களே, கடலும் காயலும் சூழ்ந்த கொச்சியில் குடிநீர் எளிதாகக் கிடைப்பதன்று. கரையோரக் கிணறுகளில் உப்பு ஏறிவிடும். குழாய்கள் வருவதற்கு முன், ஆலுவாவில் பெரியாற்று நீரை முகந்து படகுகளில் கொண்டுவந்து இங்கு விற்றார்கள். சங்க இலக்கியம் பேரியாறு என்று போற்றும் ஆறு அது. இன்றும் நகரின் நீர் தொலைவிலுள்ள ஆறுகளிலிருந்தே குழாய் வழியாக வருகிறது. அந்த மாதம் நீரேற்றும் எந்திரங்கள் பழுதானதால், குழாயின் கடைசி முனையில் இருக்கும் மேற்குக் கொச்சி மக்கள் குடங்களுடன் தெருவில் காத்திருந்தார்கள்.

அன்றிரவு ஒன்பது மணிக்கு என் குழாயின் கீழ் ஒரு வாளியை வைத்தேன். காலை ஆறு மணிக்கு அதில் ஏறத்தாழ எட்டு லிட்டர் நீர் நிறைந்திருந்தது. கணக்கிட்டுப் பார்த்தேன். ஒரு நாளைக்கு இருபத்தொரு லிட்டர். பதினைந்து நாள்களுக்கு முந்நூறு லிட்டருக்கு மேல். பதினைந்து லிட்டர்க் குடத்தில் இருபது குடம்! அவள் இரண்டு குடத்திற்காகக் காத்து நின்றாள். நான் இருபது குடத்தை உறங்கியே இழந்திருந்தேன்.

மாலையில் அருகிலிருந்த இரும்புச் சாமான் கடைக்குச் சென்றேன். “வெள்ளம் சோருன்னுண்டோ, டீச்சரே?” என்றார் கடைக்காரர். நமக்கு வெள்ளம் என்றால் ஆற்றுப் பெருக்கு. மலையாளத்தில் பருகும் நீரும் வெள்ளமே. ‘கண்ணீர் சோர’ என்று நாம் ஏட்டில் எழுதும் அதே ‘சோர்தல்’ அங்கே கடைப் பேச்சாக ஒலித்தது. உறவுக்காரர் ஒருவரை எதிர்பாராமல் கண்டது போல் மகிழ்ந்தேன்.

“குழாயை மாற்ற வேண்டியதில்லை, வாசர் போதும்” என்று கூறி, அரை அங்குல ரப்பர் வாசர் ஒன்றைத் தந்து, செய்முறையையும் விளக்கினார். குழாயின் கைப்பிடியைத் திருகும்போது உள்ளிருக்கும் தண்டு இறங்கி, அதன் நுனியிலுள்ள வாசர் நீர் வரும் துளையை அடைக்கிறது. வாசர் தேய்ந்தால் நீர் கசியும். கசிகிறதே என்று வலிந்து திருகினால் அது மேலும் நைந்துபோகும். அந்தத் தவற்றைத்தான் நான் நாள்தோறும் செய்துவந்தேன்.

வீட்டிற்கு வந்து, முதலில் குளியலறைக்கு வரும் நீரை வால்வை மூடி நிறுத்தினேன். குழாயைத் திறந்து எஞ்சிய நீரை வடித்தேன். சிறு பாகம் எதுவும் விழுந்துவிடாதிருக்கத் தரையிலுள்ள நீர்ப்போக்கித் துளையைத் துணியால் மூடினேன். ஸ்பேனரால் குழாயின் தலைப்பகுதியைக் கழற்றி, நைந்த வாசரை எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்தினேன். முதன்முறை சரியாக அமராமல் நீர் கசிந்தது. மீண்டும் கழற்றி, நேராக வைத்து முடுக்கினேன். வால்வைத் திறந்து காத்திருந்தேன். ஒரு சொட்டும் விழவில்லை.

அரை மணி நேரத்தில் முடிந்த வேலை அது. அதற்குப் பதினைந்து நாள்கள் நான் காரணம் தேடிக்கொண்டிருந்தேன். என் குழாயில் நின்ற நீர் அன்றே அம்மாணவியின் குடத்தில் நிறைந்துவிடாது என்பதை அறிவேன். ஆயினும் மறுநாள் அவள் தாமதமாக வந்தபோது நான் காரணம் கேட்கவில்லை; அவள் தவறவிட்ட பாடத்தை உணவு இடைவேளையில் அமர்ந்து சொல்லிக்கொடுத்தேன். பழைய வாசரை இன்றும் என் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். கட்டணம் கட்டாதவருக்கு இழப்பில்லை என்று எண்ணிய என் அறியாமையை அது நினைவூட்டுகிறது.

சிந்தித்து எழுதுக

1. ‘நமக்கு என்ன இழப்பு?’ என்ற எண்ணம் ஆசிரியருக்கு எவ்வாறு மாறியது?
2. உங்கள் வீட்டில் சொட்டும் குழாய் இருந்தால், ஒரு மணி நேரம் பாத்திரம் வைத்து அளந்து, ஒரு நாள் இழப்பைக் கணக்கிடுக.
3. தமிழிலும் மலையாளத்திலும் ஒலியால் ஒத்து, பொருளால் வேறுபடும் சொற்கள் மூன்றினைப் பெற்றோரிடம் கேட்டு எழுதுக.