என் கம்ப்யூட்டரும் ஆச்சி குரலும்

சுவர்ப் பத்திரிகைக்கு அறிவியல் கட்டுரை ஒண்ணு எழுதித் தரச் சொன்னாங்க. எனக்கு நடந்ததையே எழுதுறேன். படிச்சிட்டு யாரும் சிரிக்கக் கூடாது.

எங்க அண்ணன் 2021-ல் கடையிலேயே பூட்டி ரெடியா விற்கிற கேமிங் கம்ப்யூட்டர் ஒன்று வாங்கினான். வேலை கிடைச்சு அவன் பெங்களூரு போனதும் அது என் கைக்கு வந்தது. வெளியே கண்ணாடி, உள்ளே கலர் கலரா லைட்டு. கோயில் கொடைப் பந்தல் மாதிரி இருக்கும். ஆனால் உள்ளே இருந்த எஸ்.எம்.பி.எஸ். வெறும் 300 வாட். கண்ணுக்குத் தெரிவதில் காசைப் போட்டு, தெரியாததில் மிச்சம் பிடித்திருக்கிறார்கள்!

2024 தீபாவளிக்கு அண்ணன் தன் நண்பனிடமிருந்து ஆர்.டி.எக்ஸ். 3060 கார்டு ஒன்றை வாங்கி வந்தான். எனக்குத் தலைகால் புரியவில்லை. முன்பு இருந்த ஜி.டி.எக்ஸ். 1650 கார்டுக்கு 75 வாட் போதும். மதர்போர்டில் சொருகினாலே அந்தக் கரண்டு கிடைத்துவிடும். இதற்கு 170 வாட் வேணும், தனியாக எட்டு முள் ஒயரும் வேணும். எங்க எஸ்.எம்.பி.எஸ்.ஸில் அந்த ஒயரே கிடையாது. சாட்டா ஒயர் இரண்டைச் சேர்த்து எட்டு முள்ளாக மாற்றும் அடாப்டர் ஒன்றை மலிவாக வாங்கி மாட்டினேன்.

கேம் ஆரம்பிச்சு பத்து நிமிஷம். டப்புனு அணைஞ்சு போச்சு. வீட்டில் கரண்டு இருக்கு, ஃபேன் சுத்துது, கம்ப்யூட்டர் மட்டும் செத்துக் கிடக்கு. நாலு நாளும் இதே கதை.

எங்க அப்பா மோட்டார் காயில் கட்டுகிறவர். கம்ப்யூட்டர் அவருக்குத் தெரியாது. பக்கவாட்டு மூடியைக் கழற்றச் சொல்லி, அந்த அடாப்டரைத் தொட்டுப் பார்த்தார். “என்னல இது, இட்லிச் சட்டி மாதிரி சுடுது! இந்த ஒயரு எத்தனை ஆம்பியர் தாங்கும்னு பாத்தியா?”

அப்புறம்தான் தேடிப் பார்த்தேன். சாட்டா ஒயரில் 12 வோல்ட்டுக்கு மூன்று முள். ஒரு முள்ளுக்கு ஒன்றரை ஆம்பியர். ஆக நாலரை ஆம்பியர், அதாவது 54 வாட். இரண்டு ஒயர் சேர்ந்தாலும் 108-தான். எட்டு முள்ளோ 150 வாட் வரை கேட்கலாம். போதாததற்கு, கார்டு சில நொடித்துளிகள் 170-ஐயும் தாண்டி இழுக்கும். “மோட்டார் கிளம்பும்போது கூட இழுக்குதுல்லா, அது மாதிரிதான்” என்றார் அப்பா. எஸ்.எம்.பி.எஸ். தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் அணைந்திருக்கிறது. தீப்பிடிக்காமல் விட்டது எங்க நல்ல காலம்.

இந்தக் கார்டுக்கு 550 வாட் வேண்டும் என்று என்விடியாவே சொல்லியிருக்கிறது. அண்ணனின் நண்பனிடம் 650 வாட் எஸ்.எம்.பி.எஸ். பழசாகக் கிடைத்தது. சில கம்பெனிகள் மதர்போர்டில் வேறு மாதிரி பிளக் வைத்துவிடும், வெளி எஸ்.எம்.பி.எஸ். சேராது. எங்களதில் நல்லவேளை சாதாரண 24 முள்தான்.

புதுசு, ஒயர்களைத் தனியாகக் கழற்றி மாட்டுகிற வகை. அதில் சாட்டா ஒயரை மட்டும் காணோம். என் வகுப்பு நண்பன் ஒருவன் தன் வீட்டில் சும்மா கிடந்த ஒயரைக் கொடுத்தான். வேறு கம்பெனி ஒயர். ஆனால் கச்சிதமாகப் பொருந்தியது. சுவிட்சைப் போட்டேன். ‘டிக்’ என்று ஒரு சத்தம், ஒரு கருகல் வாடை. ஹார்டு டிஸ்க் ஒயரைக் கழற்றினால் கம்ப்யூட்டர் ஓடுது, மாட்டினால் ஓட மாட்டேங்குது.

ஹார்டு டிஸ்க் பக்கம் எல்லாக் கம்பெனிக்கும் ஒரே பிளக். எஸ்.எம்.பி.எஸ். பக்கம் அப்படி இல்லை, ஆளாளுக்கு ஒரு வரிசை. 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போயிருக்கிறது.

அந்த டிஸ்கில்தான் ஆச்சி குரல் இருந்தது. 2019-ல் அம்மா தன் போனில் ஆச்சியைப் பேச வைத்து, கதை சொல்ல வைத்து, தாலாட்டுப் பாட வைத்துப் பதிவு பண்ணியிருந்தாள். ஆச்சி 2022-ல் இறந்துபோனாள். அந்த போனும் உடைந்துபோச்சு. வேறு காப்பி கிடையாது. நான் ஒரு கேமுக்காக அதை எரிச்சிட்டேன். அம்மா அடுப்படியில் இருந்து “சாப்பிட வாரியா இல்லையா?” என்று கூப்பிடுகிறாள். எனக்குத் தொண்டையில் சோறு இறங்கவில்லை.

ராத்திரி கடைக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. “பிளக்கு பொருந்திட்டா போதுமால? மீட்டர வச்சுப் பாக்கணும்லா” என்று மட்டும் சொன்னார். காலையில் டி.வி. மெக்கானிக் மாமா ஒருவரிடம் கூட்டிப் போனார்.

மாமா டிஸ்க்கின் அடியில் இருந்த பச்சைத் தகட்டைக் கழற்றி, மீட்டர் முனையை ஒரு குட்டி டையோடின் மேல் வைத்தார். பீப் என்று சத்தம். “இவன்தான் உயிரைக் கொடுத்திருக்கான்” என்றார். வோல்ட் கூடினால் தன்னையே ஷார்ட் பண்ணிக்கொண்டு மற்றதைக் காப்பாற்றுகிற டையோடாம் அது. சூடு வைத்து எடுத்துவிட்டார். “இனி இதுக்குக் காவல் இல்ல. உடனே எல்லாத்தையும் காப்பி எடுத்துரு” என்றார். டிஸ்க் சுற்றுகிற சத்தம் கேட்டதும் அப்பா என் தோளைப் பிடித்தார். எல்லாருக்கும் இப்படித் தப்பும் என்று நினைக்காதீங்க.

சரியான ஒயர் வாங்கி மாட்டினோம். இப்போது அணையவில்லை, ஆனால் பிராசசர் 97 டிகிரி! நூறை நெருங்கினால் அது தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மூடியைக் கழற்றி அம்மாவின் டேபிள் ஃபேனை வைத்ததும் 80-க்கு இறங்கியது. அப்போ பிராசசர் மேல் குற்றமில்லை, காத்துதான் போகவில்லை. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி அல்லவா! தூசி தட்டி, காய்ந்த தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் பட்டாணி அளவு புதுசு வைத்து, கண்ணாடியை எடுத்துவிட்டு வலை போட்டு, முன்னால் 120 மில்லிமீட்டர் ஃபேன் இரண்டு மாட்டினேன். ஒன்றைத் திருப்பி மாட்டியதை அப்பா ஊதுபத்திப் புகை காட்டிக் கண்டுபிடித்தார். இப்போது 76 டிகிரி. (எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் யாரும் திறக்காதீங்க. பிளக்கைப் பிடுங்கின பிறகும் கபாசிட்டரில் கரண்டு நிற்கும்.)

ஆச்சி குரல் இப்போது பென் டிரைவில், அண்ணனிடம், அம்மாவின் புது போனில் என மூன்று இடத்தில் இருக்கிறது. ஏன் திடீரென்று போனில் ஏற்றிக் கொடுத்தேன் என்று அம்மாவுக்குத் தெரியாது. பெற்றோர் கூட்டத்துக்கு வரும்போது இந்தச் சுவரில்தான் படிப்பாள். ஒயர் கொடுத்த நண்பா, உன்மேல் தப்பு இல்லை. ஒயர் என் பையில்தான் இருக்கு, வந்து வாங்கிக்கோ.

- பன்னிரண்டாம் வகுப்பு மாணவன்