அவித்த கிழங்கை யார் சாப்பிடுவார்கள்?

2025 நவம்பர் 2, ஞாயிற்றுக்கிழமை. நவி மும்பையில் பெண்கள் உலகக் கோப்பை இறுதிப் போட்டி. ஓசூர் மூக்கண்டபள்ளியில் ஒரு லைன் வீட்டின் மாடி அறையில் பதினான்கு பெண்கள் சேர்ந்து மேட்ச் பார்ப்பதாக ஏற்பாடு. எல்லோரும் சிப்காட்டில் வேலை செய்கிறவர்கள். டிவி ஒருத்தியுடையது, பாய்கள் பக்கத்து அறைகளிலிருந்து. பலகாரம் என் பொறுப்பு. நானாகத்தான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

காரணம் இருக்கிறது. செப்டம்பரில் ஆசியக் கோப்பை இறுதிப் போட்டிக்கு இதே கூட்டம் கூடியபோது தெருமுனைக் கடை பஜ்ஜி, பாக்கெட் சிப்ஸ், கலர் என்று தின்று தீர்த்தோம். மறுநாள் காலை ஷிப்டுக்குப் போன நாலு பேருக்கு நெஞ்செரிச்சல். ஒருத்தி லைனிலேயே உட்கார்ந்துவிட்டாள். இந்தப் பெண்கள் தினமும் சாப்பிடுவதைப் பார்க்கிறவள் நான். ஷிப்டு மாறும்போது சாப்பாட்டை விடுவது, பசித்தால் ஐந்து ரூபாய் பாக்கெட், இரவு டீயும் பன்னும். நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. பாயில் உட்காரப்போகிற பதினான்கு பேரில் எட்டுப் பேர் என்று நானே கணக்குப் போட்டுக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை உழவர் சந்தையில் மூன்று கிலோ சர்க்கரைவள்ளிக்கிழங்கு வாங்கினேன். விற்ற அம்மா அதை 'கெணசு' என்றார். ஓசூரில் பாதி ஊருக்கு அதுதான் பெயர். எங்கள் மாடியில் இருக்கும் ஒடிசாப் பெண் 'கந்தமூல' என்றாள், ஜார்க்கண்ட் பெண் 'சகர்கந்த்' என்றாள். மூன்று பேருக்கும் அது ஏழை வீட்டுச் சாப்பாடுதான். என் அம்மாவுக்கும் அப்படித்தான். கிழங்கு தோண்டும் கூலிக்குப் போனால், மண்வெட்டியில் வெட்டுப்பட்ட கிழங்கைக் கூலியோடு சேர்த்துக் கொடுப்பார்கள். இரவு அதை அவித்துத் தின்றுவிட்டுப் படுப்போம். கல்லூரி விடுதியில் சேர்ந்த பிறகு நான்கைந்து வருடம் அதைத் தொடவே இல்லை. இப்போது பெங்களூருப் பக்கம் ஹோட்டல்களில் அதையே தட்டில் அடுக்கி 'ஹெல்தி ஸ்டார்ட்டர்' என்று கொடுக்கிறார்கள்!

நான் செய்தது இரண்டு வகை. ஒன்று சுண்டல் மாதிரி: அவித்து, தோல் உரித்து, துண்டு போட்டு, கடுகு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, தேங்காய்த் துருவல் போட்டு எலுமிச்சை பிழிவது. இன்னொன்று கல்லில் தட்டுவது: மசித்த கிழங்கில் வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லி, வறுத்துப் பொடித்த வேர்க்கடலை, லேசாக வறுத்த ராகி மாவு சேர்த்து, உள்ளங்கையில் தட்டி, தோசைக்கல்லில் இரண்டு பக்கமும் சிவக்க விடுவது. தொட்டுக்கொள்ளப் புதினா அரைத்த தயிர்.

முதல் ஈடு கெட்டுப்போனது. அவசரத்தில் கிழங்கை நறுக்கிக் குக்கரில் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டேன். களியாகிவிட்டது. எவ்வளவு ராகி மாவு போட்டாலும் கல்லில் ஒட்டிக்கொண்டு வந்தது. அடுத்த ஈட்டைத் தோலோடு முழுசாக இட்லிப் பானையில் ஆவியில் வேகவைத்தேன். அரை மணி நேரம், கத்தி வழுக்கிக்கொண்டு இறங்கும் வரை. நன்றாக ஆறிய பிறகுதான் மசித்தேன். வடை உடையவே இல்லை. மொத்தத்துக்கும் செலவானது ஒரு குழிக்கரண்டி எண்ணெய்.

உடம்புக்கு நல்லது என்றால் அது மருந்து இல்லை, மாவுச்சத்துதான். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குச் சுட்டதைவிட அவித்தது பரவாயில்லை, அதுவும் அளவாக, கடலையோடும் தயிரோடும். உள்ளே ஆரஞ்சு நிறமாக இருக்கும் கிழங்கில்தான் வைட்டமின் ஏ ஆகும் சத்து அதிகம். திருவனந்தபுரம் கிழங்கு ஆராய்ச்சி நிலையம் 'பூ சோனா' என்று அப்படி ஒரு ரகம் வெளியிட்டிருக்கிறது. ஆப்பிரிக்காவில் இந்த ஆரஞ்சுக் கிழங்கைப் பரப்பியவர்களுக்கு 2016இல் உலக உணவுப் பரிசே கொடுத்தார்கள். எனக்குக் கிடைத்தது வெளியே சிவப்பு, உள்ளே வெள்ளை. நார்ச்சத்து உண்டு, பசி தாங்கும். அது போதும்.

மழையால் மேட்ச் ஐந்து மணிக்குத்தான் தொடங்கியது. ஷஃபாலி வர்மா அடிக்க அடிக்கத் தட்டு காலியானது. ஒடிசாப் பெண் சுண்டலை இரண்டு தரம் வாங்கினாள். ஊத்தங்கரைப் பெண் ஒருத்தி வடையைப் பிய்த்துப் பார்த்து, "இதுல கெழங்கா இருக்குது? தெரியவே இல்லக்கா" என்றாள்.

லைன் லீடர் அக்கா ஒருவர் மட்டும் தட்டைத் தொடவில்லை. நாற்பது வயது இருக்கும், கெலமங்கலம் பக்கத்து ஊர், அங்கே நிலம் வைத்திருக்கும் சாதி. நல்லவர்தான். லீவு கிடைக்காமல் அழுத பெண்களுக்காக அவர் மேலிடத்தில் பேசியது எனக்குத் தெரியும். நான் எந்தத் தெருக்காரி என்பதும் அவருக்குத் தெரியும். தட்டை நீட்டினேன்.

"வேணாம் மேடம், இன்னிக்கு ஒருபொழுது."

கார்த்திகை மாசம் அவர்களுக்குத் தொடங்கிவிட்டது, இருக்கலாம் என்று விட்டுவிட்டேன். தென்னாப்பிரிக்கா ஆடத் தொடங்கியபோது அவர் பையிலிருந்து ஒரு சிப்ஸ் பாக்கெட்டை எடுத்துப் பிரித்தார். எல்லோருக்கும் நீட்டினார். எனக்கும் நீட்டினார். எடுத்துக்கொண்டேன்.

அந்த உப்பு நாக்கில் இருக்கும்போதே எம்.ஏ. வகுப்பு ஞாபகம் வந்தது. வட இந்தியக் கிராமங்களை ஆராய்ந்தவர்கள் பக்கா, கச்சா என்று இரண்டு வகை உணவைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். நெய்யில் பொரித்தது பக்கா. அதைத் தனக்குக் கீழே என்று நினைக்கும் சில சாதிகளிடமிருந்தும் வாங்கிக்கொள்வார்கள். தண்ணீரில் வெந்தது கச்சா. அதை வாங்க மாட்டார்கள். நம்மை அந்தப் பொரித்த உணவின் பட்டியலிலும் சேர்க்கவில்லை என்பது வேறு கதை. பச்சைக் காய், கிழங்கு, தானியம் யார் தொட்டதானாலும் பரவாயில்லை. பரீட்சைக்குப் படித்துவிட்டு மறந்த விஷயம். உடம்புக்குக் கேடு என்று நான் ஒதுக்கியது பொரித்ததை. அவித்துக் கொண்டுபோனால் நல்லது என்று நினைத்தேன். சாதி கணக்குப் பார்ப்பதும் சரியாக அந்த அவிக்கிற இடத்தில்தான். 'பாக்கெட்டை விடுங்கள், வீட்டில் செய்யுங்கள்' என்று ஊட்டச்சத்துக் கூட்டங்களில் நானே எத்தனை தடவை பேசியிருக்கிறேன்! யார் வீட்டில் என்று ஒருநாளும் கேட்டதில்லை. பாக்கெட் மெஷினில் ஒட்டி வருகிறது. அதைப் பொரித்தவள் யார் என்று பிரிக்கிறவருக்குத் தெரியாது. இந்த சிப்காட்டில் வெவ்வேறு ஊர், வெவ்வேறு சாதிப் பெண்கள் ஒரே பாயில் உட்கார்ந்து தின்ன முடிகிறது என்றால் அதில் அந்த ஐந்து ரூபாய் பாக்கெட்டுக்கும் பங்கு உண்டு. அதைத் திட்டுவதற்கு முன் இனி கொஞ்சம் யோசிப்பேன்.

கிரிக்கெட்டுக்கும் இது புதிதில்லை. பல்வங்கர் பாலூ என்ற தலித் பந்துவீச்சாளர் நூறு வருடத்துக்கு முன்பே இந்தியாவின் பெரிய சுழற்பந்து வீரர். 1911இல் இங்கிலாந்து போய் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தவர். பூனாவில் அவர் ஆடிய அணிக்காரர்கள் பீங்கான் கோப்பையில் டீ குடித்தபோது, அவருக்குப் பெவிலியனுக்கு வெளியே மண் குவளையில் கொடுத்தார்கள். பந்தை வாங்கிக்கொண்ட கை கோப்பையைக் கொடுக்கவில்லை. பழைய கதை என்று தள்ளிவிடாதீர்கள். 2024 பிப்ரவரியில், நமக்குப் பக்கத்துத் தருமபுரி மாவட்டம் மொரப்பூர் அருகே, வயல் வேலைக்கு வந்த தலித் பெண்களுக்குக் கொட்டாங்குச்சியில் டீ கொடுத்த வழக்கில் இரண்டு பேர் கைதானார்கள்.

லைன் லீடர் அக்காவை அந்த வரிசையில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. வைக்காமல் இருக்கவும் முடியவில்லை. அவர் என்னை அவமானப்படுத்தவில்லை. 'ஒருபொழுது' என்று எனக்காக ஒரு பொய் சொன்னார். அந்தப் பொய்யைச் சொல்ல வேண்டும் என்று தோன்றுமளவுக்கு ஏதோ மாறியிருக்கிறது என்று ஒரு தோழர் சொன்னார். எனக்கு அதில் சந்தோஷப்பட எதுவும் இல்லை. ஏழு மணி நேரம் ஒரே பாயில் உட்கார்ந்திருந்தோம்.

நள்ளிரவு வாக்கில் ஹர்மன்பிரீத் கடைசி கேட்சைப் பிடித்தார். 52 ரன்னில் வெற்றி. கத்திய கத்தில் கீழ்வீட்டுக்காரர் எழுந்து வந்துவிட்டார். அழுதவர்களில் அந்த அக்காவும் ஒருவர். என்னைத்தான் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்.

பாயைச் சுருட்டும்போது ஊத்தங்கரைப் பெண் செய்முறை கேட்டாள். சொல்லிக்கொண்டு வந்தவள் பாதியில் நிறுத்தினேன். அவள் இருக்கும் ஹாஸ்டலில் அடுப்பு வைக்க விடமாட்டார்கள். "பரவால்லக்கா, சொல்லுங்க, பொங்கலுக்கு ஊருக்குப் போனா செய்யறேன்" என்றாள்.

லைன் லீடர் அக்கா மூலையில் இருந்த கூடையைப் பார்த்தார். மிச்சம் ஏழெட்டுக் கிழங்கு மண்ணோடு கிடந்தது.

"பச்சைக் கெழங்கு இருந்தா ரெண்டு குடுங்க மேடம், ஊட்ல அவிச்சுக்கறேன்."

நான்கு எடுத்துக் கவரில் போட்டுக் கொடுத்தேன். அடுத்த வாரம் கேட் பக்கம் பார்த்தபோது அவரே கூப்பிட்டுச் சொன்னார்.

"நல்லா இனிப்பா இருந்துச்சு மேடம்."

"தோலோட அவிச்சீங்களா?"

"ஆமா, நீங்க சொன்ன மாதிரியேதான். கடலை கூட போட்டேன்."