இன்னும் ஒரு வெயில்

வழமையாகப் பங்குனி பிறக்கும்போது கல்முனைப் பக்கத்தில் வேளாண்மை வெட்டு முடிந்துவிடும். 2025இல் முடியவில்லை. அதற்கு முந்திய நவம்பர் வெள்ளம் முளைத்து நின்ற பயிரைத் தின்றுவிட்டதால், கரைவாகு வயல்வட்டையில் காணி வைத்திருக்கும் என் நண்பரின் குடும்பம் தண்ணீர் வடிந்த பிறகு மறுபடி விதைத்தது. அறுவடை பிந்தி, நோன்போடு சேர்ந்து வந்தது. "வாப்பா நோன்பைப் பிடிச்சிட்டு நெல்லுக் காயப் போடுறாரு, ஒருக்கா வந்து பாருங்க" என்று நண்பர் அழைத்தார்.

ஸுபஹுத் தொழுதுவிட்டு வரம்பில் இறங்கினோம். வாடை ஓய்ந்து, கச்சான் இன்னும் எழாத காலம். வெட்டிய தாள்களின் நுனியெல்லாம் பனி. வேம்பு பூத்த வாசனை காவல் குடிலான வாடிவரை வந்தது. முதல் நாள் வெட்டு மெசின் ஓடிய இடத்தில் கொக்குகள் கூட்டமாக நின்று பூச்சி பொறுக்கின. வாய்க்கால் ஓரத்துச் சேற்றை எருமைகள் கலக்கிக்கொண்டிருந்தன. வெட்டு முடிந்ததும் நெல்மணம் பிடித்து யானைகள் சம்மாந்துறை, மாவடிப்பள்ளிப் பக்கமெல்லாம் இறங்கிவிடும் என்பதால் வாடியில் ஒருவர் இரவெல்லாம் விழித்திருந்தார். ஸஹர் சோற்றையும் அங்கேதான் சாப்பிட்டார்.

மெசின் வெட்டைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. போகிறது, வெட்டுகிறது, கொட்டுகிறது. கைவேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

வட்டைக்குப் போகும் கொங்கிறீட் வீதியில் பாதியை மறித்துப் படங்கு விரித்திருந்தார்கள். வீதியை விட்டால் காயப்போட இடமில்லை. கடலுக்கும் வயலுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் ஊர் இது. சூடு மிதித்த பழைய களவெட்டி மேடுகளில் இன்று வீடுகள். 2004 டிசம்பர் 26 கடற்கோளுக்குப் பிறகு கரையிலிருந்த சனமும் மேற்கே நகர்ந்து வந்தது.

நெல்லைக் கொட்டிப் பலகையால் இழுத்து, இரண்டு விரல் கனத்துக்குப் பரப்பினார்கள். வாப்பா செருப்பைக் கழற்றிவிட்டு நெல்லுக்குள் இறங்கினார். பாதங்களைத் தூக்கவே இல்லை. இழுத்து இழுத்து நடந்தார். பின்னால் இரண்டு சால் விழுந்தது. அடியில் கிடந்த ஈரநெல் சற்றுக் கறுத்து மேலே வந்தது. படங்கின் விளிம்பில் திரும்பி, முதற்சாலை ஒட்டி அடுத்த சால். ஒருமுறை தெற்கு வடக்காக நடந்தால், அடுத்தமுறை கிழக்கு மேற்காக. நண்பர் துழாவிய இடத்தில் நெல் திட்டுத் திட்டாக நின்றது. "காலைத் தூக்காத மனே, அடிநெல்லு புழுங்கிரும்" என்றார். அவருடைய குதிகால் வெடிப்புகளில் நெற்சுணை வெள்ளையாகப் படிந்திருந்தது.

உச்சி வெயில் ஏறியதும் நெல்லைக் குவித்து மூடச் சொன்னார். வெயில் இருக்கும்போதே ஏன் மூட வேண்டும் என்று கேட்டேன். ஒரேயடியாகக் காய்ந்தால் அரிசிக்குள் கீறல் விழும், மில்லில் குறுநலாகப் போய்விடும் என்றார். லுஹர் தொழுது, நிழலில் சற்றுச் சரிந்துவிட்டு வந்து மறுபடி விரித்தார்.

காய்ந்ததா என்று பார்க்க மற்ற நாளில் ஒரு நெல்லைப் பல்லிடுக்கில் வைத்துக் கடிப்பாராம். 'டக்'கென்று உடைந்தால் காய்ந்தது, நசிந்தால் இல்லை. நோன்பில் வாயில் வைக்க மாட்டார். வாடிச் சீமெந்துக் கட்டில் ஒரு பிடியைத் தேய்த்து உமி கழற்றி, அரிசியை நகத்தால் அழுத்தினார். நகம் பதிந்தது. "இன்னும் ஒரு வெயில் கெடக்கு." அன்று மஃரிபுக்கு நோன்பு திறந்து கஞ்சிக் கோப்பையை வைத்த கையோடு ஒரு நெல்லைக் கடித்துப் பார்த்தார். நகம் சொன்னதும் பல் சொன்னதும் ஒன்றுதான்.

எருமை கட்டிச் சூடு மிதித்த காலத்தில் களவெட்டியில் தூங்கி வளர்ந்தவர் அவர். பிறகு உழவு மெசினால் சூடடித்தார். 1990க்குப் பிந்திய யுத்த வருடங்களில் தூரத்துக் காணிக்குப் போகப் பயந்து, விளைந்ததை வெட்டாமல் விட்ட போகங்களும் உண்டு. 2021இல் இரசாயன உரத்தைத் தடை செய்தபோது கதிர் பாதியும் பதர். இத்தனையும் தாண்டி வந்த மனிதர் தராசின் முன்னே தோற்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

2025 பெப்ரவரி 5இல் அரசு விலை அறிவித்தது: நாட்டு நெல் கிலோ 120 ரூபாய், சம்பா 125, கீரிச்சம்பா 132. அம்பாறையில் வெட்டு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. நெல் சந்தைப்படுத்தும் சபை கேட்பது 14 வீதத்துக்கு மேல் ஈரமில்லாத நெல். வயலிலிருந்து வருவதோ ஈரநெல். இந்த இடைவெளியில்தான் தரகர் லொறியை நிறுத்துகிறார். 20 வீத ஈரமுள்ள 100 கிலோவை 14 வீதத்துக்குக் காயவைத்தால் 93 கிலோ நிற்கும். 120 ரூபாய்ப்படி அது 11,160 ரூபாய். அப்படியானால் ஈரநெல் கிலோவுக்கு 111 ரூபாய் 60 சதம் பெறும். காயவைக்கும் கூலியை அதில் கழிக்கட்டும், ஏற்றுக்கூலியையும் கழிக்கட்டும். அவர்கள் கழிப்பது அது மட்டுமல்ல. ஈரத்துக்கென்று விலையைக் குறைத்துவிட்டு, அதே ஈரத்துக்கென்று மூடைக்கு இத்தனை கிலோ என்று எடையிலும் வெட்டுகிறார்கள். ஒரே தண்ணீருக்கு விவசாயி இரண்டு தரம் விலை கொடுக்கிறார். உரக்கடைக் கடனும் மெசின் கூலியும் வாசலில் நிற்பதால் வாய் திறக்க மாட்டார். ஒவ்வொரு வட்டைக்கும் ஒரு காய்களமும் ஈரம் பார்க்கும் கருவியும் போட்டுக் கொடுக்க முடியாத அரசு, விலையை மட்டும் அறிவிப்பதில் என்ன பயன்?

ஸகாத்துக்கான பங்கை வாப்பா கடன் கணக்குப் பார்க்குமுன்பே பிரித்தார். மழையில் விளைந்தால் பத்தில் ஒன்று, செலவழித்து நீர் பாய்ச்சினால் இருபதில் ஒன்று. அந்தப் பங்கை ஒரு கிலோ குறையாமல் அளந்தார். அதற்கென்று, முன்னமே காய்ந்திருந்த நெல்லைத்தான் எடுத்தார்.

மறுநாள் லொறி வந்தது. பாதி மூடைகள் ஈரத்தோடு, சொன்ன விலைக்கே ஏறின. மெசின்காரருக்கும் உரக்கடைக்கும் அதே இடத்தில் காசு எண்ணிக் கொடுக்கப்பட்டது. வீட்டுக்கும் விதைக்கும் போக மிஞ்சியதைக் காயவைத்துச் சபைக் களஞ்சியத்துக்கே அனுப்புவதென்று வாப்பா முடிவு செய்தார். சிறுபோகத் தண்ணீருக்குக் கூட்டம் எப்போது என்று கேட்டுவர மகனை வட்டை விதானையிடம் அனுப்பிவிட்டு, படங்கை மறுபடி விரிக்கச் சொன்னார்.