பக்திக்கு எந்தப் படம்?

ஜூன் 2, 2024, ஞாயிறு

பழைய மேக்புக்கைத் தூசி தட்டி எடுத்தேன். 2019-ல் மேக்கின் கேட்டலினா பதிப்பு வந்தபோது பாட்டுச் செயலி ஐடியூன்ஸ் போய்விட்டது. நான் அதற்கு மாறாததால் இதில் இன்னும் இருக்கிறது. பாட்டுகளை வகைவாரியாகக் கட்டம் கட்டிக் காட்டும் வசதி 2008-ல் ஐடியூன்ஸின் எட்டாம் பதிப்பில் வந்தது. ராக், ஜாஸ் கட்டங்களில் அழகான படங்கள். ‘கர்நாடக இசை’ கட்டத்திலோ ஏதோ ஒரு கேசட் அட்டை. அதில் பாடகரைவிடக் காபித்தூள் விளம்பரம் பெரிது.

எம்பி3 கோப்பின் கடைசி 128 பைட்டில் பாட்டின் விவரத்தை எழுதும் முறையை எரிக் கெம்ப் 1996-ல் கொண்டுவந்தார். வகைக்கு ஒரே ஒரு பைட்டு, மொத்தம் 80 வகை. போல்கா நடனத்துக்கு எண் உண்டு, கர்நாடக இசைக்குக் கிடையாது. பிறகு வந்த முறையில் வகைப் பெயரை எழுத்தாகவே எழுதலாம். கோப்பில் ஒட்டும் படங்களுக்கும் 21 இனம் பிரித்திருக்கிறார்கள். அதில் ஒன்று ‘பளிச்சென்ற வண்ண மீன்’. சத்தியமாக!

ஜூன் 3, திங்கள்

ஐடியூன்ஸ் செயலியின் மேல் வலது கிளிக் செய்து உள்ளே போனால் ரிசோர்ஸஸ் அடைவில் வகைப் படங்கள். கூடவே ஜானர்ஸ்.பிளிஸ்ட் என்ற கோப்பு. வகையின் பெயர் இது, படம் இது என்று ஜோடி ஜோடியாக அதில் எழுதியிருக்கிறது. முதலில் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டேன்.

நம் இசை வகைகளுக்கும் படம் சேர்க்க, நாதஸ்வரத்தில் ஆரம்பித்தேன். முழு வாத்தியத்தைச் சதுரத்தில் அடைத்தால் ஊதுவத்தி மாதிரி தெரிகிறது. ராஜரத்தினம் பிள்ளை முகத்தைப் போட்டேன். தபால்தலை அளவில் கடுக்கன்கூடத் தெரியவில்லை. நூலில் தொங்கும் சீவாளிக் கொத்து, பார்ப்பவருக்கு என்னவென்றே புரியாது. கடைசியில் வாத்தியத்தின் அகன்ற வாயான அணசை மட்டும் நேர் எதிரே வைத்து எடுத்த படம். வட்டம் சதுரத்துக்குள் கச்சிதமாக உட்கார்ந்தது. ஒரு மாலைப்பொழுது இதற்கே சரி.

ஜூன் 4, செவ்வாய்

ஓட்டு எண்ணிக்கை. மத்தியானத்திலிருந்து தெருமுனை ஒலிபெருக்கியில் நாகூர் ஹனீபா. நம்மிடமும் இருக்கிறாரே என்று தேடினேன். கட்சிப் பாட்டு, இஸ்லாமியப் பாட்டு எல்லாம் ‘பக்தி’யிலேயே கிடந்தன. நேற்று இரவு பக்திக்குக் குத்துவிளக்குப் படம் வைத்திருந்தேன். அம்மா எட்டிப் பார்த்தாள்.

“ஹனீபா பாட்டுக்கு ஏன்டா குத்துவிளக்கு?”

பதில் இல்லை. கட்சிப் பாட்டுகளைப் பிரித்துக் ‘கழகப் பாட்டு’ என்று தனி வகையாக்கி, கறுப்பு சிவப்புக் கரை வேட்டியின் மடிப்பைப் படமாக வைத்தேன். அது ஐந்து நிமிட வேலை.

ஜூன் 5, புதன்

பிளிஸ்ட் கோப்பில் ஒரு சாய்கோட்டை விட்டிருக்கிறேன். என் படங்களோடு ராக், ஜாஸ் படங்களும் காணாமல் போயின. நகல் காப்பாற்றியது.

ஜூன் 6, வியாழன்

“தர்கா பெரிய மனாராவைப் போடேன்” என்றாள் அம்மா. நாகூரில் பிறந்தவள். தஞ்சையை ஆண்ட பிரதாப சிங் ராஜா கட்டிக்கொடுத்தது என்று அதற்கு உரிமையும் கொண்டாடுவாள். அப்படியானால் வேளாங்கண்ணிப் பாட்டுகள்? பெருமாள் பாட்டுகள்? மூன்றாகப் பிரித்து மூன்று படம் வைப்பது சுலபம். ஆனால் அம்மா காலையில் அந்த மூன்றையும் கலந்துதான் கேட்கிறாள். யாரோ பட்டியல் போட்டார்கள் என்று முணுமுணுத்தவன், நானே ஒரு பட்டியல் போட வந்துவிட்டேன்.

ஜூன் 7, வெள்ளி

சாயங்காலம் அம்மா தூபக்காலில் கனலைப் போட்டுச் சாம்பிராணியைத் தூவினாள். கோயிலிலும் இதுதான், தர்காவிலும் இதுதான், மாதா கோயில் பூசையிலும் இதுதான். ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, கறுப்புப் போர்வையைப் பின்னால் தொங்கவிட்டுப் போனில் எடுத்தேன். பதினாலாவது படத்தில் புகை ஒரு கொடி மாதிரி சுருண்டு நின்றது. தூபக்காலை வெட்டிவிட்டுப் புகையை மட்டும் வைத்தேன். அம்மா பார்த்தாள். “இருமல் வருதுடா” என்று சொல்லிவிட்டுப் போனாள். ஒப்புக்கொண்டதாக அர்த்தம்.

ஜூன் 8, சனி

மிச்சம் இருந்தது இளையராஜாவின் ‘ஹௌ டு நேம் இட்’, 1986. தியாகராஜருக்கும் பாஃகுக்கும் சமர்ப்பணம் செய்த இசை. பெயரிலேயே கேள்வியைக் கேட்டு வைத்திருக்கிறார். வகை என்ற இடத்தில் ஒன்றும் எழுதாமல் கணினியை மூடினேன்.