கையால் அளந்த மூச்சு



ஒரு பெண் என்னிடம் கேட்ட கேள்வியைப் பற்றியும், அதற்கு நான் முதலில் அளித்த தவறான விடையைப் பற்றியும் இம்மாதம் எழுத விரும்புகிறேன். இதே கேள்வியை நெஞ்சில் சுமந்துகொண்டு, யாரிடமும் கேட்காமல் இருக்கும் குடும்பங்கள் நம் பங்குகளில் பல உண்டு. அவர்களுக்காகவே இதனை எழுதுகிறேன்.

2016-ஆம் ஆண்டின் மார்கழி மாதம். வடகிழக்குப் பருவமழை பொய்த்துவிட்டது. எங்கள் பங்கின் வயல்களில் சம்பா கதிர் வாங்கு முன்னே கருகிக்கொண்டிருந்தது. பத்து மா நிலம் வைத்திருந்த ஒரு குடும்பத்தின் இளைய மகன், பூச்சிமருந்து உடலில் ஏறி மருத்துவமனையில் கிடக்கிறான் என்று ஓரிரவு செய்தி வந்தது. மருந்து எவ்வாறு ஏறியது என்று நான் கேட்கவில்லை. கேட்கவேண்டிய நேரமும் அதுவன்று. நோயில்பூசுதலுக்கான எண்ணெய்ச் சிமிழை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன்.

அவன் வாய்வழியே மூச்சுக்குழலுக்குள் ஒரு குழாய் செருகப்பட்டிருந்தது. அதன் வெளிமுனையில் சிறு சுரைக்காய் அளவில் ஒரு பை. மருத்துவமனைகளில் அதனை ஆம்பு பை என்பார்கள். அவனுடைய அக்காள் அதனை அமுக்குவாள். அவன் மார்பு எழும். கையை விடுவாள், மார்பு தாழும், பை தானே விரிந்து மீண்டும் காற்றை வாங்கிக்கொள்ளும். அங்கிருந்த வென்டிலேட்டர்கள் அனைத்திலும் வேறு நோயாளிகள் இருந்தார்கள். ஒன்று காலியாகும்வரை உறவினர் கைகளே அவனுக்கு மூச்சு.

தகப்பனார், தாய்மாமன், அக்காள் ஆகிய மூவரும் அரைமணிக்கு ஒருவராக மாறிக்கொண்டிருந்தார்கள். தாயார் கட்டிலின் கால்மாட்டில் அமர்ந்து செபமாலை மணிகளை உருட்டிக்கொண்டிருந்தார். பூசுதல் முடிந்ததும், "கொஞ்சநேரம் நான் அமுக்குகிறேன்" என்றேன். தகப்பனார் தயங்கிப் பின் இடம் விட்டார்.

நிமிடத்திற்குப் பன்னிரண்டு முறை என்று செவிலியர் சொல்லிக்கொடுத்தார். ஒரு மணிக்கு எழுநூற்றிருபது. ஒரு நாளைக்குப் பதினேழாயிரத்துக்கும் மேல். கால்மணியிலேயே என் பெருவிரல் மரத்துப்போயிற்று. மனத்துக்குள் செபம் சொல்லிக்கொண்டே அமுக்கினேன். செபம் வேகமெடுத்தது, கையும் அதனோடு ஓடிற்று. செவிலியர் விரைந்து வந்து, "சாமி, வேகமா அமுக்காதீங்க. காத்து வெளியே போக நேரம் வேணும். நெஞ்சுக்குள்ளே அழுத்தம் கூடினா ரத்தம் இதயத்துக்குத் திரும்பாது" என்றார். அன்பு மிகுந்தால் அதிகமாக அமுக்கத் தோன்றும். அவன் உடலுக்கோ அளவுதான் வேண்டியிருந்தது.

மூன்றாம் நாள் விடியலில் ஒரு கருவி காலியாயிற்று. மேலும் ஒரு வாரம் கழித்து அவன் தானே மூச்சுவிட்டான். இன்று அவன் அதே பத்து மாவில் உழுது வாழ்கிறான்.

நான்கரை ஆண்டுகள் சென்றன. 2021 மே மாதம், கோவிட் பெருந்தொற்றின் இரண்டாம் அலை. ஆக்சிஜனுக்காகத் தமிழகம் தவித்த நாள்கள் அவை. வெளிமாநிலங்களிலிருந்து ரயில்களில் ஆக்சிஜன் வந்ததை நாம் மறந்திருக்கமாட்டோம். அந்தத் தகப்பனாரை நோய் பிடித்தது. இம்முறை மருத்துவமனையில் அவருக்குக் கருவி கிடைத்தது. ஆனால் கட்டிலருகே யாருக்கும் அனுமதியில்லை. மகள் வெளியே வேப்பமரத்தடியில் ஐந்து நாள் காத்திருந்தாள். ஐந்தாம் நாள் அவர் இறந்தார். பாதுகாப்பு உடை அணிந்த நால்வரும் நானுமாகக் கல்லறைத் தோட்டத்தில் அவரை அடக்கம் செய்தோம்.

எட்டாம் நாள் அவர்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தபோது அவள் கேட்டாள்: "தம்பிக்கு மிஷின் இல்ல. நாங்க கையால அமுக்கினோம், பிழைச்சான். அப்பாவுக்கு மிஷின் இருந்தது, எங்களை உள்ளே விடலை, போய்ட்டாரு. எங்க கையில விட்டிருந்தா பிழைச்சிருப்பாரா சாமி?"

"எல்லாம் ஆண்டவருடைய சித்தம், அம்மா" என்றேன்.

அவள் ஒன்றும் பேசாமல் எழுந்து உள்ளே போய்விட்டாள். நான் திண்ணையில் தனியே இருந்தேன். அவள் கேட்டது இறைவனைப் பற்றிய கேள்வியன்று. தன் இரு கைகளைப் பற்றிய கேள்வி. எனக்கு விடை தெரியாது. தெரியாது என்று சொல்வதற்கு வெட்கப்பட்டு, ஆண்டவருடைய பெயரைக் குறுக்கே நிறுத்திவிட்டேன்.

அன்று மாலையே, அறுவை அரங்கில் மயக்க மருந்து கொடுக்கும் பணியிலிருந்த என் நண்பராகிய மருத்துவரிடம் தொலைபேசியில் பேசினேன். அவர் என்னை டென்மார்க்குக்கு அழைத்துச் சென்றார்.

1952-ஆம் ஆண்டு, நம் தஞ்சை மறைமாவட்டம் உருவான அதே ஆண்டு, கோபன்ஹேகன் நகரில் இளம்பிள்ளைவாதம் கொள்ளைநோயாகப் பரவியது. நோய் மூச்சுத் தசைகளையே முடக்கியது. பிளெக்டாம் மருத்துவமனையில் உடலை உள்ளே வைத்து மூச்சுவிடச் செய்யும் இரும்புப் பெட்டி ஒன்றும், மார்பின்மேல் பொருத்தும் சிறு கருவிகள் ஆறும் மட்டுமே இருந்தன. தொடக்கத்தில் மூச்சு முடங்கிய 31 பேரில் 27 பேர் மாண்டனர். அப்போது பியோர்ன் இப்சன் என்ற மயக்கவியல் மருத்துவர், ஆகஸ்டு 27-ஆம் நாள், சாகும் நிலையிலிருந்த பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் தொண்டையில் துளையிட்டுக் குழாய் செலுத்தச் செய்து, ரப்பர் பையைக் கையால் அமுக்கிக் காற்றூட்டினார். சிறுமி பிழைத்தாள். அதன்பின் ஏறத்தாழ 1,500 மாணவர்கள் முறைவைத்து இரவும் பகலும் பை அமுக்கினார்கள். ஒரே சமயத்தில் எழுபது நோயாளிகள்வரை கைகளால் மூச்சு வாங்கினார்கள். சாவு பெருமளவு குறைந்தது. தானே விரியும் ஆம்பு பை அதே நாட்டில் 1956-இல் வந்தது.

"அப்படியானால் அந்தப் பெண் கேட்டது சரிதானே?" என்றேன்.

"இல்லை சாமி. அந்தப் பிள்ளைகளின் நுரையீரல் பெரும்பாலும் நன்றாகவே இருந்தது, தசைதான் முடங்கியிருந்தது. துருத்தி நல்லது, அதை ஊதும் கைதான் இல்லை. எனவே வேறொரு கை போதும். அந்தத் தம்பியின் நிலையும் ஏறக்குறைய அதுவே. நஞ்சு தசையை முடக்கும். நுரையீரலில் நீர் சுரக்கச் செய்யும். மருந்தால் அந்நீர் வற்றியபின், தசை மீளும்வரை காற்று சென்றுகொண்டிருந்தால் போதும். கோவிட்டில் கெட்டுப்போனது துருத்தியே" என்றார்.

நோயுற்ற நுரையீரலில் காற்றறைகள் பல நீர் கோத்து மூடிக்கொள்கின்றன. சில மட்டுமே திறந்திருக்கின்றன. அதிகக் காற்றைத் தள்ளினால் அந்தச் சிலவும் சிதைந்துபோகும். அமெரிக்காவில் இத்தகைய 861 நோயாளிகளை வைத்து நடத்திய ஆய்வு 2000-ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஒரு கிலோ எடைக்குப் பன்னிரண்டு மில்லிலிட்டர் என்று காற்றுச் செலுத்தியபோது நூற்றுக்கு நாற்பது பேர் இறந்தனர். ஆறு மில்லிலிட்டராகக் குறைத்தபோது முப்பத்தொருவர் இறந்தனர். ஐம்பது கிலோ எடைக்குரிய மனிதருக்கு முந்நூறு மில்லிலிட்டர். ஏறத்தாழ ஒன்றரை டம்ளர். அமுக்கும் கைக்கு இக்கணக்குத் தெரியாது. மேலும், மூச்சு வெளியேறிய பின்னும் காற்றறைகள் மூடிக்கொள்ளாதபடி இடைவிடாமல் சிறிது அழுத்தம் நிலைக்கவேண்டும். கருவி அதனை நாள் முழுதும் ஒரே சீராக வைத்திருக்கும். இவற்றோடு, பையை இணைப்பதிலும் கழற்றுவதிலும் தொற்றுக்கிருமி அறையெங்கும் பரவும் அபாயமும் உண்டு.

அறிஞர்கள் பையை மறந்துவிடவும் இல்லை. கருவிகள் போதாமற்போகும் என்று உலகமே அஞ்சிய 2020 ஏப்ரலில், திருவனந்தபுரத்து ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம், ஆம்பு பையைக் கைக்குப் பதிலாகப் பொறியே அமுக்கும் ஓர் அமைப்பை வடிவமைத்து, விப்ரோ 3டி நிறுவனத்தோடு சேர்ந்து தயாரிக்க முன்வந்தது. நெருக்கடியில் உதவும் ஏற்பாடு அது. "பை ஒரு பரிசல், சாமி. பாலம் உடைந்த நாளில் அதுதான் அக்கரை சேர்க்கும். ஆனால் வெள்ளம் கரைபுரளும்போது பரிசல் தாங்காது. பாலமும் சிலவேளை தாங்குவதில்லை, கருவி பொருத்திய எத்தனையோ பேரை நாங்களும் இழந்தோம்" என்று நண்பர் முடித்தார். அவர் குரல் கம்மியது.

மறுநாள் மீண்டும் அவ்வீட்டிற்குச் சென்றேன். "நேற்று நான் சொன்னது விடையன்று, அம்மா. எனக்குத் தெரியவில்லை, அதை மறைத்துவிட்டேன்" என்று முதலில் ஒப்புக்கொண்டேன். பிறகு துருத்தியையும் கையையும் பற்றி, எனக்கு விளங்கிய அளவில், மெதுவாகச் சொன்னேன். அவள் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அப்போ, எங்களை உள்ளே விட்டிருந்தாலும்..."

"உங்கள் கையால் ஆகியிருக்காது, அம்மா. தம்பிக்குத் தேவைப்பட்டது உங்கள் கையிடம் இருந்தது. அப்பாவுக்குத் தேவைப்பட்டது எந்தக் கையிடமும் இல்லை."

அவள் அழுதாள். தகப்பனார் இறந்தபின் அவள் அழுததை அன்றுதான் முதன்முறையாகப் பார்த்தேன் என்று தாயார் பின்னர் சொன்னார். அருகில் இருக்கவிடவில்லையே என்ற துயரம் வேறு. அதை ஆற்ற எந்த விளக்கமும் என்னிடம் இல்லை. அதற்கு அவளோடு சற்றுநேரம் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவே.

அன்பு வாசகர்களே, என்றேனும் ஓரிரவு உங்கள் கையிலும் அந்தப் பை கொடுக்கப்படலாம். செவிலியர் சொல்லும் எண்ணிக்கையை மீறாதீர்கள். மார்பு எழும்வரை அமுக்குங்கள், எழுந்ததும் விடுங்கள். கை சோருமுன் அடுத்தவரிடம் கொடுங்கள். உங்கள் கை செய்யக்கூடியதை அது செய்யும். அதற்கு மேற்பட்டது நடந்தால், அதைக் கையின் குற்றமாக ஏற்றுக்கொள்ளாதீர்கள். இதே கேள்வியோடு யாரேனும் உங்களிடம் வந்தால், என்னைப்போல் அவசரப்பட்டு ஆண்டவரைத் துணைக்கு அழைக்காமல், அறிந்தவரிடம் கேட்டு வந்து சொல்லுங்கள்.