பூவாற்றுப் பொழிமுகத்தில் ஒரு புலர்காலை

திருவனந்தபுரத்தில் வாழும் நம் குடும்பங்களுக்கு நெய்யாறு புதியதன்று. நாகர்கோயிலுக்கு இரயிலில் ஏறும்போதெல்லாம் அதனைக் கடந்துதான் செல்கின்றோம். தமிழ் முனிவர் என்று நாம் போற்றும் அகத்தியரின் பெயரைத் தாங்கி, 1868 மீட்டர் உயர்ந்து நிற்கும் மலையிலே பிறந்து, ஏறத்தாழ 56 கிலோமீட்டர் ஓடி, பூவாறு என்னும் ஊரருகே அரபிக் கடலோடு கலக்கின்றது இவ்வாறு. ஆயினும் அது கடல் புகும் இடத்தைக் கண்ணாரக் கண்டவர் நம்முள் மிகச் சிலரே. அக்குறை தீர, நம் சங்கத்தைச் சேர்ந்த ஐந்து குடும்பத்தினர் சென்ற தைத் திங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்குச் சென்று வந்தோம். பறவைகளையும் பிற உயிர்களையும் படகிலிருந்தே நிழற்படம் எடுப்பது எங்கள் நோக்கம்.

விடியற்காலை ஐந்து மணிக்குக் கிழக்கேகோட்டையிலிருந்து வேனில் புறப்பட்டோம். வழியிலே பாலராமபுரம். கைத்தறிக்குப் பெயர்பெற்ற அவ்வூரின் சாலிய நெசவாளர்கள், இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன் பாலராம வர்மர் காலத்தில் தமிழ்நாட்டுப் பகுதிகளிலிருந்து அழைத்துவரப்பெற்றோரின் வழியினர். பிழைப்புத் தேடி இந்நகருக்கு வந்தவர்கள் நாம் மட்டும் அல்லர் என்னும் நினைவோடு அவ்வூரைக் கடந்து, ஆறு மணிக்குப் பின் பூவாற்றுப் படகுத்துறையை அடைந்தோம்.

படகோட்டி ஒரு முதியவர். வழிகாட்டியாக வந்தவர் இளைஞர். எல்லைப்புறத்து ஊரினர் ஆதலால் தமிழும் மலையாளமும் அவர் நாவில் ஒருங்கே வழங்கின. உயிர்காப்புச் சட்டைகளை எங்களுக்கு அணிவித்தபின் அவர் மூன்று விதிகளைச் சொன்னார். படகில் எவரும் எழுந்து நிற்றல் கூடாது. உரத்துப் பேசுதல் கூடாது. எவ்வளவு அருகில் செல்வது என்பதை அவரே முடிவு செய்வார். முதல் இரண்டனையும் உடனே ஒப்புக்கொண்டோம். மூன்றாவதன் அருமை பின்னரே எங்களுக்கு விளங்கிற்று.

கால்வாயின் இரு கரையிலும் கண்டல் மரங்கள் வேர்களை நீரில் ஊன்றி நின்றன. இடையிடையே தாழம்புதர், அதற்கப்பால் தென்னை. உப்புநீரும் நன்னீரும் கலக்கும் இத்தகைய இடங்களில் அவ்வேர்களின் நிழல்தான் மீன்குஞ்சுகளுக்கும் இறால் குஞ்சுகளுக்கும் தொட்டில். மீன் உள்ள இடத்திற்குப் பறவை வரும். பறவை உள்ள இடத்திற்குக் காமிராவும் வரும்!

“அதா, பொன்மான்!” என்று படகோட்டி மெல்லக் கூவினார். எங்கள் பிள்ளைகள் அனைவரும் கரையை நோக்கித் தேடினர். இராமாயணத்து மாயமான் பூவாற்றுக்கு வந்துவிட்டதோ என்று மயங்கினர் போலும்! வழிகாட்டி சிரித்தபடி ஒரு வளைந்த கிளையைக் காட்டினார். அங்கே வெண்மார்பு மீன்கொத்தி ஒன்று நீல முதுகில் இளவெயில் ஒளிர அமர்ந்திருந்தது. மலையாளத்தில் மீன்கொத்திக்குப் பொன்மான் என்று பெயர். நம் பக்கத்தில் சிச்சிலி என்பர். பின்னர் ஒவ்வொரு பறவைக்கும் இரு மொழிப் பெயரையும் கேட்டறிவதே பிள்ளைகளுக்கு விளையாட்டாயிற்று. நீர்க்காகம் இங்கே நீர்க்காக்க. கழுத்தை மட்டும் நீருக்கு மேல் நீட்டிப் பாம்பைப் போல நீந்துவதை நாம் பாம்புத்தாரா என்போம். இவர்கள் சேரக்கோழி என்பர். சேர என்பது நம் சாரைப்பாம்பே. இரு மொழியாரும் ஒரே பறவையில் ஒரே பாம்பைக் கண்டிருக்கின்றனர்!

படம் எடுக்கும் முறையையும் அவ்விளைஞர் கற்பித்தார். எஞ்சின் அதிர்வு முக்காலி வழியே காமிராவுக்கு ஏறிவிடும் ஆதலால் படகில் முக்காலி பயன்படாது. முழங்கைகளை விலாவோடு ஒட்டிவைத்து மூச்சையடக்கிப் பிடிக்க வேண்டும். பாயும் மீன்கொத்தியை அசைவின்றிப் பதிக்க நொடியில் ஈராயிரத்தில் ஒரு பங்கு வேகம் வேண்டும். வெள்ளைக் கொக்கை வெயிலில் எடுத்தால் இறகின் வரிகள் மறைந்து வெறும் வெண்மையே தெரியும். ஆகவே ஒளியைச் சற்றுக் குறைத்து வைத்தல் நலம். இவற்றினும் மேலாக அவர் சொன்னது ஒன்றுண்டு: “மீன்கொத்தி தான் விட்டுச்சென்ற கிளைக்கே பெரும்பாலும் திரும்பி வரும், துரத்தாதீர்கள், காத்திருங்கள்.” எஞ்சினை நிறுத்திக் கால்மணி நேரம் காத்திருந்தோம். அது வந்தது, அலகில் வெள்ளி மீனோடு! பத்தாம் வகுப்பில் பயிலும் பெண்ணொருத்தி அதனைத் தன் காமிராவில் பதித்துக்கொண்டாள்.

காத்திருந்த வேளையில், எங்களோடு வந்திருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் இக்கலையின் வரலாற்றைச் சிறிது கூறினார். 1933-ஆம் ஆண்டு சலீம் அலி அவர்கள் திருவிதாங்கூர், கொச்சி நாடுகளின் பறவைகளைக் கணக்கிட வந்தார். அக்காலத்தில் பறவையை ஆராய வேண்டுமாயின் துப்பாக்கியால் சுட்டு, பாடம் செய்து வைப்பதே முறை. இன்று அவ்விடத்தைப் பெரிதும் காமிரா பெற்றுவிட்டது. இங்கிலாந்தில் எம்மா டர்னர் என்னும் அம்மையார் நார்ஃபோக் பகுதி நீர்நிலைகளில் தமக்கெனப் படகுவீடு ஒன்று கட்டுவித்து, அதிலேயே தங்கிப் பறவைகளைப் படமெடுத்தார். அந்நாட்டில் கூடு கட்டுவதையே விட்டொழிந்தது என்று கருதப்பட்ட நாரையினப் பறவையொன்றின் குஞ்சை 1911-இல் அவர் எடுத்த படம், அப்பறவை திரும்பி வந்துவிட்டதற்குச் சான்றாயிற்று. நம் தமிழரில், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனாகத் திருநெல்வேலியில் 1912-இல் பிறந்த மா. கிருஷ்ணன், பல கருவிகளின் உறுப்புகளைச் சேர்த்துத் தாமே அமைத்துக்கொண்ட காமிராவுக்குச் ‘சூப்பர் பாண்டரோசா’ என்று வேடிக்கையாகப் பெயரிட்டு, யானை மேலேறிக் காட்டுயிர்களைக் கறுப்பு வெள்ளையில் படமெடுத்தார். கல்கத்தா ‘ஸ்டேட்ஸ்மன்’ இதழில் 1950 முதல் 1996-இல் மறையும் வரை இயற்கையைப் பற்றித் தொடர்ந்து எழுதியவர் அவர்.

இவ்வாறு மகிழ்ந்து செல்லும்போதுதான் நாங்கள் ஒரு பிழை செய்தோம். கரையோரத் தென்னையொன்றின் உச்சியில் செம்பருந்தின் கூடு தெரிந்தது. தாய்ப்பறவை அதில் அமர்ந்திருந்தது. நாம் கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்ளும் பறவை அது. வழிகாட்டி தொலைவிலேயே படகை நிறுத்தச் சொன்னார். எங்களுள் ஓர் இளைஞர், “இன்னும் கொஞ்சம் அருகில் போனால் முகம் தெளிவாகத் தெரியுமே, அண்ணா” என்று படகோட்டியை வேண்டினார். மற்றவர்களும் சேர்ந்து வற்புறுத்தினோம். வழிகாட்டி மறுத்தும், முதியவர் எங்கள் ஆவலுக்கு இரங்கி எஞ்சினை முடுக்கினார். அடுத்த நொடியில் பருந்து சிறகை விரித்து எழுந்தது. காமிராக்கள் ஒலித்தன. படம் அற்புதமாக விழுந்தது.

ஆனால் பருந்து திரும்பவில்லை. எங்கள் தலைக்கு மேலே வட்டமிட்டுக் கதறியது. அடுத்த தென்னைக்குக் காகங்கள் இரண்டு வந்து அமர்ந்து கூட்டையே நோக்கின. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. தாய் நீங்கிய கூட்டில் முட்டையை வெயிலும் சுடும், காகமும் கொத்தும் என்று வழிகாட்டி தாழ்ந்த குரலில் சொன்னார். எவரும் பேசவில்லை. எங்களோடு வந்திருந்த ஆச்சி ஒருவர்தாம் வாய் திறந்தார்: “பெற்றவளை வீட்டை விட்டு விரட்டிவிட்டு நமக்குப் படம் என்னத்துக்கு? வண்டியைத் திருப்பச் சொல்லுங்கய்யா.”

படகோட்டி எஞ்சினை அணைத்து, நீண்ட கழியால் ஊன்றி ஊன்றிப் படகைப் பின்னே கொண்டுவந்தார். வளைவுக்கு அப்பால் தாழை மறைவில் நின்றோம். பதினொரு நிமிடம்! ஒவ்வொரு நிமிடமும் ஒரு நாழிகையாகக் கழிந்தது. காகமொன்று கூடிருந்த மரத்துக்கே தாவியது. அப்போது பருந்து அம்பெனப் பாய்ந்து வந்து அதனை விரட்டிவிட்டுக் கூட்டில் இறங்கிற்று. ஆச்சி கைகூப்பினார். எங்களுக்கும் மூச்சு வந்தது.

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், பறவைகளின் முட்டைகளையும் கூடுகளையும் கலைப்பதையும் ‘வேட்டை’ என்னும் சொல்லின் பொருளில் அடக்குகின்றது என்பதை வழிகாட்டி அப்போது எடுத்துரைத்தார். துப்பாக்கியின்றி வந்த நாங்கள் வேட்டைக்காரராகிவிட்டோமே என்று நாணினோம்.

பொழிமுகத்தை அடைந்தபோது ஒன்பது மணி. ஒருபுறம் ஆறு, மறுபுறம் அலைகடல், நடுவே பொன்மணல் திட்டு. நீர்ப்பெருக்குக்கு ஏற்ப இம்மணல் வாய் திறப்பதும் அடைவதும் உண்டு. மணலோரத்தில் உள்ளான்கள் வாலை ஆட்டி ஆட்டி இரை தேடின. ஆலாக்கள் நீரின்மேல் தாழ்ந்து பறந்தன. உள்ளான் இமயமலையிலும் அதற்கு அப்பாலுள்ள வடநாடுகளிலும் கூடு கட்டி, குளிர்காலத்தை நம் கரைகளில் கழித்துச் செல்வது. அவ்வளவு தொலைவு பறந்து வந்த பறவைக்கு இம்மணலில் வேண்டுவது பிழைக்கச் சிறிது இரையும், அஞ்சாமல் நிற்கச் சிறிது இடமுமே. வேற்றூரில் வாடகை வீடு தேடி அலைந்தவர்கள் அல்லமோ நாம்? அதன் தேவையை நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. இம்முறை நாங்களே படகைத் தொலைவில் நிறுத்தச் சொன்னோம். படத்தில் உள்ளான் சிறியதாகத்தான் விழுந்தது. அதைச் சூழ்ந்து மணலும் கடலும் வானமும் விழுந்தன.

வீடு திரும்பியபின் ஒரு வழக்கு எழுந்தது. எடுத்த படங்களுள் சிறந்தது, ஐயமின்றி, கூட்டிலிருந்து எழும் செம்பருந்தின் படமே. அதனைச் சங்க ஆண்டுவிழாக் கண்காட்சியில் வைக்கலாமா? எடுத்த இளைஞருக்கு அதில் பேராவல். நெடுநேரம் பேசினோம். அப்படத்தைக் காண்பவர் அடுத்த வாரமே அதே கூட்டைத் தேடிப் போவர் என்றார் ஆசிரியர். இறுதியில் அவ்விளைஞரே அதனை விலக்கிக்கொண்டார். அவர் முகம் வாடியதை மறைப்பதற்கில்லை. மீன்கொத்தியும், மணலில் நிற்கும் சிறு உள்ளானும் கண்காட்சியில் இடம்பெறும்.

சங்கத்து அன்பர்கள் தத்தம் பிள்ளைகளோடு ஒருமுறை பூவாறு சென்று வருமாறு வேண்டுகின்றோம். வலசைப் பறவைகளைக் காணக் கார்த்திகை முதல் மாசி வரை ஏற்ற காலம். விடியலிலேயே செல்லுங்கள், படகு ஏறுமுன் கட்டணத்தையும் நேரத்தையும் பேசி முடித்துக்கொள்ளுங்கள், உயிர்காப்புச் சட்டையின்றி ஏறாதீர்கள், காமிராவை உப்புநீர்த் துளியினின்று காக்க மெல்லிய துணி கொண்டு செல்லுங்கள். வழிகாட்டி ‘போதும்’ என்று கைகாட்டும் இடத்தில் நின்றுவிடுங்கள். நாங்கள் நிற்கவில்லை, ஆகையால் சொல்கின்றோம்.