சேறும் சக்கரமும்

மங்களூர் என்றவுடன் நண்பர் பலர் கன்னட நாட்டுத் துறைமுக நகரத்தையே நினைப்பர். யாம் கூறும் மங்களூர், கடலூர் மாவட்டத்தில், பீங்கானுக்குப் பேர்பெற்ற விருத்தாசலத்திற்கு மேற்கே உள்ளதோர் ஊர். சுற்றிலும் பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் மானாவாரி நிலங்களே மிகுதி. கிணற்றை நம்பிச் சிலர் நெல்லும் பயிரிடுவர். அப்பக்கத்துக் கரிசல் மண் கோடையிற் கை நுழையுமளவு வெடித்துக் கிடக்கும். மழை பெய்தாலோ மெழுகுபோற் குழைந்து காலைப் பற்றிக்கொள்ளும்.

இச்சேற்றில் டிராக்டர் இறங்கும்போது நிகழ்வது யாது? டயரின் மேடுகளுக்கு இடையே களிமண் அப்பிக்கொள்ள, டயர் வழுவழுப்பான உருளையாகிவிடுகின்றது. பற்றுவதற்கு ஒன்றும் இன்மையின் நின்ற இடத்திலேயே சுழலும். சுழலச் சுழலத் தானே குழி பறித்து அதனுள் இறங்கும். எஞ்சினுக்கு வலிமை குறைவன்று. சக்கரத்திற்குப் பிடி இல்லை. அவ்வளவே.

இக்குறை பனி நாட்டார்க்கும் உண்டு. நியூயார்க் மாநிலத்து ஹாரி வீட் என்பார், மோட்டார் வண்டியின் டயரைச் சுற்றி இரும்புச் சங்கிலி பூட்டும் முறைக்கு 1904-இல் காப்புரிமை பெற்றார். தோட்டத்துச் சிறு டிராக்டருக்கும் அங்கே பனிக்காலத்தில் சங்கிலி பூட்டுகின்றனர். நம் சேற்று வயலில் அவ்வேலையைச் செய்வது கூண்டுபோன்ற இரும்புச் சக்கரம். ‘கேஜ் வீல்’ என்பது ஊர் வழக்கு. இரும்பு வளையங்களைக் குறுக்குப் பட்டைகள் இணைத்திருக்கும். பட்டைகள் நகம்போற் சேற்றைக் கீறி அடிநிலத்தைப் பற்றும். இடையே வெளி உண்டாதலின் சேறு தங்காது வழியும். அமெரிக்காவில் ஆலிஸ்-சால்மர்ஸ் தொழிற்சாலையார் 1932-இல் டிராக்டருக்குக் காற்றடைத்த ரப்பர் டயரைக் கொணருமுன் இரும்புச் சக்கரமே பெருவழக்கு. உலகம் கழித்துவிட்ட இரும்பை நெல்வயல் மீண்டும் கேட்டு வாங்கிக்கொண்டது போலும்!

சென்ற ஐப்பசி விடுமுறையில் எம் பெரியப்பாவின் சிறு டிராக்டருக்கு இச்சக்கரம் பூட்ட யாம் உடனிருந்து உதவினோம். வயலோரத்துக் கெட்டித் தரையில் வண்டியை நிறுத்திச் சாவியை எடுத்துத் தம் மடியில் முடிந்துகொண்டார் அவர். முன் சக்கரங்களுக்குக் கல் முட்டுக்கொடுத்தோம். நட்டுகளைச் சிறிதே தளர்த்தியபின், ஜாக்கியின் கீழ் அகன்ற பலகையிட்டு வண்டியை உயர்த்தினோம். பலகையின்றேல் ஜாக்கி ஈரமண்ணிற் புதையும். ஒருபுறம் முடித்தே மறுபுறம். நட்டுகளை வரிசையாக முடுக்காமல் எதிரெதிராக முடுக்கவேண்டும். இன்றேற் சக்கரம் கோணும். “ஒரு சுற்று ஓட்டிவிட்டு மறுபடியும் முடுக்கணும், தம்பி, இரும்பு முதலில் இளகும்” என்றார்.

அன்று பிற்பகல் அடுத்த வயலில் வெறும் டயருடன் இறங்கிய டிராக்டர் ஒன்று அச்சுவரை புதைந்தது. ஓட்டியவன் எம்மினும் இளையவன். கூடியவர்கள் பின் சக்கரங்களின் குறுக்கே மரக்கட்டையைச் சங்கிலியாற் கட்டி முடுக்கச் சொன்னார்கள். கட்டையும் வந்துவிட்டது. பெரியப்பா ஓடிச்சென்று, “இறங்குடா கீழே!” என்று அவன் கையைப் பிடித்து இழுத்தார். பலர் நகைத்தனர், அவர் பொருட்படுத்தவில்லை.

அவர் அஞ்சியதற்குக் காரணம் உண்டு. கட்டை சேற்றில் ஊன்றிக்கொண்டாற் சக்கரம் சுழல இயலாது. எஞ்சினின் விசை வேறு வழியின்றி, அச்சையே நடுவாகக்கொண்டு வண்டியின் முன்பகுதியை மேலே தூக்கும். இமைப்பொழுதில் வண்டி பின்புறமாகக் கவிழும். ஓட்டுபவன் அதன் அடியிற் கிடப்பான். குதித்துத் தப்ப நேரமே இராது. பிடி தருவது வேறு, சக்கரத்தைப் பூட்டிவைப்பது வேறு என்பதை அன்றே யாம் தெளிந்தோம்.

பின்னர் மண்வெட்டியாற் சக்கரங்களின் பின்னே சேற்றை வெட்டியெடுத்து, கருவேலங் கிளைகளைப் பரப்பிச் சரிவமைத்தார்கள். பெரியப்பாவே ஏறி, மெல்லப் பின்னோக்கி ஓட்டி வண்டியைக் கரையேற்றினார். இரண்டு மணிநேரம் ஆயிற்று. நகைத்தவர்களே மண்வெட்டியும் பிடித்தனர் என்பதைச் சொல்லியாகவேண்டும்.

இருட்டும் வேளையில் எம் வண்டியின் இரும்புச் சக்கரங்களைக் கழற்றி, டயர்களைப் பூட்டினோம். வீடு அரை மைல்தான். “இப்படியே ஓட்டிப்போய்விடலாமே, பெரியப்பா” என்றோம். “சேற்றைப் பிடிக்கும் நகம் தார்ச் சாலையைக் கிழிக்கும், தம்பி. நாளைக் காலையில் அதன்மேல்தானே பிள்ளைகள் பள்ளிக்குச் சைக்கிளில் போகணும்?” என்று கூறி, ஸ்பேனரை எம் கையிற் கொடுத்தார்.